கப்பலேறிய எலுமிச்சம்பழம்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

கிள்ளானிலிருந்து ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தேன். வழியெல்லாம் பலகை படித்தேன். அங்கே ஒரு முடிவெட்டும் கடையை இத்தனை வருஷமாகக் ‘கண்ணாடிக்காரர் கடை’ என்றுதான் சொல்லி வந்தேன். இன்றுதான் பெயரைப் படித்தேன்: ‘அழகு மன்றம்’. உள்ளே எட்டிப் பார்த்தால், கண்ணாடிக்காரர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னா அங்கிள், முடி வெட்டணுமா?”

“இல்ல. ஒங்க பலகையப் படிச்சேன்.”

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? சின்ன வயதிலேயே படித்தவர்.

எனக்கு எழுத்து தந்தது உஷாராணி. பிரிக்பீல்ட்ஸில் தையல் கடை வைத்திருக்கிறாள். பழைய தையல் மெஷின்களைச் சரி செய்து கொடுக்க எங்கள் குழுவுக்கு வந்தவள். வந்த முதல் நாளே, “அண்ணே, ஒங்களுக்கு எழுதத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டாள். எழுபது வயது தாண்டியும் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. தெரியாது என்றேன். “அப்ப நாளைக்கு கடைக்கு வாங்க” என்றாள். துணியில் கோடு போடும் சாக்கட்டியால், வெட்டும் மேசையின் மேல் ‘அ’ போட்டுக் காட்டினாள்.

எங்கள் குழுவைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். செராஸ், செலாயாங், பந்திங் பக்கம் மூடிப்போன பட்டறைகளில் கிடக்கும் கருவிகளை வாங்கி வருகிறோம். துரு எடுத்து, பழுது பார்த்து, எண்ணெய் போட்டுப் பெட்டியில் அடுக்குகிறோம். இந்தோனேசியா பக்கம் தீமோர் தீவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு அவை கப்பலில் போகப்போகின்றன. தலைவர் ராதாகிருஷ்ணன், என் சம்பந்தி. மேரு சாலையில் அவருடைய பழைய டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைதான் எங்கள் இடம். அவர் மகன் விமலனுக்குத்தான் என் மகள் தாமரையைக் கொடுத்திருக்கிறேன். நான் இருப்பதும் மகள், மருமகன் வீட்டில்தான்.

ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே இருப்பதைத் தமிழில் எழுதி ஒட்டுகிறேன்.

“தீமோர்ல எவன் சம்பந்தி தமிழ் படிக்கப் போறான்?” என்று கேட்டார் ராதாகிருஷ்ணன்.

“நான் படிக்கிறேன்ல” என்றேன்.

18 செப்டம்பர், வியாழன்

இன்று காலை முழுவதும் ஒரே வார்த்தை. மரம் சீவும் இழைப்புளி. வளைக்க வளைக்க என் விரல்தான் வளைந்தது. ஆனாலும் எழுதிவிட்டேன்!

22 செப்டம்பர், திங்கள்

சாதிக் கூப்பிட்டான். கண்டெய்னர் லோரி ஓட்டுகிற பையன். பையன் என்ன, பேரன் எடுத்துவிட்டான், எனக்குப் பையன். எங்களுக்காக முதலாளியிடம் பேசி இலவசமாக ஒரு கண்டெய்னர் கேட்டிருந்தான்.

“அங்கிள், கெடச்சிருச்சு! அக்டோபர் ஒண்ணு காலைல ஏத்தணும். அன்னைக்கு விட்டா இந்த வருஷம் இல்லலா, பாஸ் சொல்லிட்டாரு.”

நான் குதிக்காத குறை. தாமரை மாட்டியிருக்கும் நாள்காட்டியில் அந்தத் தேதியைத் தேடினேன். அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை.

படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

மாலையில் சம்பந்தியிடம் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

“ஆயுத பூஜை அன்னைக்கு ஆயுதத்தத் தொடுறதா? என்னா பேச்சு பேசுறீங்க? டயர் கடைல அன்னைக்கு ஒரு நட்டு கழட்டுனதில்ல நான். கார் நடுரோட்டுல நின்னாலும் நாளைக்கு வாங்கன்னுதான் சொல்லுவேன்.”

“பள்ளிக்கூடம் ஜனவரியில தொறக்கணும் சம்பந்தி. சாமான் வந்தாத்தான் தொறப்பேன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. புள்ளைங்க பேர் குடுத்துட்டு ஒக்காந்திருக்கு.”

“ஒக்காந்திருக்கட்டும். அடுத்த வருஷம் தொறக்கட்டும்.”

அடுத்த வருஷம். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

25 செப்டம்பர், வியாழன்

தாமரை சாதம் போடும்போது சொன்னாள்: “அப்பா, எங்க மாமனார்கிட்ட சண்டை வேணாம்ப்பா. நீங்க ரெண்டு பேரும் மொறச்சிக்கிட்டா நடுவுல நான்தான் மாட்டுவேன்.”

சண்டை போடவில்லை என்றேன். ஏற்றத்தான் போகிறேன் என்றேன். கரண்டியைப் பாத்திரத்தில் சத்தமாக வைத்தாள்.

28 செப்டம்பர், ஞாயிறு

எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று உஷா கேட்டாள். அவளிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சின்னப் பையனாகத்தான் பஸ் பட்டறையில் சேர்ந்தேன். என் கையில் மண்ணெண்ணெய் வாளியும் கிழிந்த துணியும். ஸ்பேனரைத் தொட்டால் மேஸ்திரி புறங்கையில் ஒன்று வைப்பார். ‘தொடாதே.’ அந்தப் பட்டறையில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். ஆயுத பூஜைக்கு மட்டும் எல்லா ஸ்பேனரையும் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்குவது என் வேலை. பொட்டு வைப்பது மேஸ்திரி. பூஜை முடிந்தால் எனக்குப் பொரி கிடைக்கும். ஸ்பேனர் கிடைக்காது. மீசை முளைத்த பிறகுதான் முதல் ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

இப்போது தீமோரில் பேர் கொடுத்துக் காத்திருக்கிற பிள்ளைகளிடம் நானும் ‘தொடாதே’ என்று சொல்ல வேண்டுமா? ஒரு வருஷம் தொடாதே என்று? மாட்டேன்.

உஷாவுக்குப் பக்தி அதிகம். நிறைய யோசித்துவிட்டுச் சொன்னாள்: “பூஜை அன்னைக்கு என் கத்தரிக்கோல நான் தொட மாட்டேன்ண்ணே. ஆனா பெட்டியத் தொடுறது தப்புன்னு எங்கயும் சொல்லலையே. பெட்டி ஆயுதமா?”

இந்த அம்மா வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

30 செப்டம்பர், செவ்வாய்

சம்பந்தி முந்திக்கொண்டார். இன்று காலையிலேயே கொட்டகையில் பூஜை போட்டுவிட்டார். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், ட்ரில், ரம்பம், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் எலுமிச்சம்பழம், கொஞ்சம் செவ்வந்திப் பூ. நானும் நின்று கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அழகாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

முடிந்ததும் என்னிடம் கை நீட்டினார். “சாவி.”

கொட்டகைச் சாவி என்னிடம்தான் இருக்கும். கொடுத்தேன். அவர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, தாமரையின் சாமி அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, அதற்கும் பொட்டு வைத்தார். “விஜயதசமி காலைல எடுத்துக்கலாம். இப்ப இது சாமி சாவி. எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

என்னை நன்றாகத் தெரிந்த மனிதர்.

தாமரை பக்கத்திலேயே நின்று கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த நோட்டையும் பேனாவையும் சாமியிடம் வைக்க வேண்டுமாம். நாளைக்குப் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. இதோ தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இந்த வரியை எழுதுகிறேன். அவள் சிரிக்கி

1 அக்டோபர், புதன்

எழுதுகிறேன்.

சரஸ்வதி என்னைக் கிழவனாகும் வரைக்கும் காக்க வைத்தாள். எனக்காக அவள் ஒரு நாள் காத்திருக்கலாம்.

காலையில் குளித்துவிட்டுச் சாமி அறைக்குப் போனேன். சாவியைப் பார்த்தேன். சாவியும் என்னைப் பார்த்தது. கை நீட்டினேன், மடக்கிக்கொண்டேன். பின்னால் தாமரை நிற்பது தெரியவில்லை. வந்து சூடம் ஏற்றினாள்.

“கும்பிட்டுட்டு எடுங்கப்பா. கும்பிடாம எடுக்காதீங்க.”

கும்பிட்டேன். எடுத்தேன். நோட்டையும் பேனாவையும் சேர்த்துத்தான்.

கொட்டகை வாசலில் சாதிக் லோரியை நிறுத்தியிருந்தான். உள்ளே பொட்டும் பூவுமாகப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டான்.

“அங்கிள், ஒங்க சாமி என்னைக் கோவிச்சுக்காதே?”

“நீ லோரி ஓட்டு. கோவத்த நான் பாத்துக்கிறேன்.”

உஷா முதல் ரயிலிலேயே வந்துவிட்டாள். “நான் பெட்டியத்தான் தூக்குறேன், பெட்டியத்தான் தூக்குறேன்” என்று ஒவ்வொரு தடவையும் சாமிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் விமலன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அப்பா அனுப்பியிருக்கிறார், என்னைத் தடுக்க. “மாமா, நிறுத்துங்க மாமா” என்றான். நான் பெரிய வைஸ் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனை ஆடியது. ஓடி வந்து பிடித்தான். பிடித்தவன் பிறகு விடவே இல்லை. கடைசிப் பெட்டி வரை, “நிறுத்துங்க மாமா” என்று சொல்லிக்கொண்டே ஏற்றினான்!

கண்டெய்னரை மூடுவதற்கு முன்னால் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எலுமிச்சம்பழமும் பூவும் அப்படியே இருந்தன. சாமிக்கு வைத்ததைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கும் கொண்டு போகக்கூடாது, அது அந்தப் பிள்ளைகளுக்கு வைத்தது. இருக்கட்டும் என்று மூடிவிட்டேன்.

கதவில் சீல் அடித்த பிறகுதான் சம்பந்தி வந்தார். லோரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சாமி படத்துக்கு முன்னால இருந்து எடுத்தீங்களா?”

“கும்பிட்டுட்டு எடுத்தேன்.”

“என்கிட்ட ஒண்ணும் பேச வேணாம்” என்றார். லோரி கிளம்பிப் போனது. அவர் வெறும் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டிருந்தார்.

நான் ஜெயித்தேன். எழுதி வைக்கிறேன்: ஜெயித்தேன்.

3 அக்டோபர், வெள்ளி

கொட்டகைக்குப் புதுப் பூட்டு. என் சாவி சேரவில்லை.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

சம்பந்தி வரவில்லை. மகன் வீட்டுக்கு அவர் வராத தீபாவளி இதுவரை இருந்ததில்லை. சம்பந்தியம்மா லெட்சுமி மட்டும் முறுக்கு டப்பாவோடு வந்து, “அவருக்கு ஒடம்பு முடியலண்ணே” என்றார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். தாமரை அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று முகம் துடைத்துக்கொண்டாள்.

நான் செஞ்சது தப்பா? இல்ல. பின்ன ஏன் முறுக்கு எறங்க மாட்டேங்குது?

27 அக்டோபர், திங்கள்

கண்டெய்னர் தீமோர் துறைமுகத்தில் நிற்கிறது. உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.

எலுமிச்சம்பழம்.

வேறு நாட்டுப் பழம், பூ, இலை எதுவும் சொல்லாமல் உள்ளே வரக்கூடாதாம், பூச்சி வருமாம். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார்களாம், பழம் பூஞ்சை பிடித்துப் பச்சையாக இருந்ததாம். ஒன்று, மொத்தமும் திரும்பிப் போக வேண்டும். இல்லையென்றால் அதிகாரி கண் முன்னாலேயே ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, பழத்தையும் பூவையும் எடுத்து எரித்து, சுத்தம் செய்ய வேண்டும். எது என்று அனுப்பியவர் சொல்ல வேண்டும். அனுப்பியவர் என்றால் தலைவர்.

தலைவர் விமலனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: “சாமி குத்தம். அன்னைக்கே சொன்னேன். திரும்பி வரட்டும். பரிகாரம் பண்ணிட்டு அடுத்த வருஷம் பாக்கலாம்.”

சாமி குத்தமா? சாமி எதுக்குய்யா தீமோர் வரைக்கும் போயி கண்டெய்னர மறிக்குது? அதுக்கு வேற வேல இல்லையா? ஐயோ, நான்தானே மூடுனேன்! தெறந்து பாத்தேனே. கையில எடுத்தேனே அந்தப் பழத்த. மோந்துகூடப் பாத்தேன். நாள் பாக்க மாட்டேன்னு அத்தன வீம்பு பேசிட்டு, ஒரு பழத்தத் தூக்கிப் போட தைரியம் இல்லாமப் போச்சே. பாதி வீரன்.

எழுத வரவில்லை. நாளைக்கு.

30 அக்டோபர், வியாழன்

சம்பந்தி வீட்டு கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாற்காலியை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார், மூடினார். போகிற வருகிறவர்கள் எல்லாம், “என்னா அங்கிள், சாவி தொலஞ்சு போச்சா?” என்று கேட்டார்கள். “ஆமாம், ரொம்ப நாளாச்சு” என்றேன்.

சம்பந்தியம்மா கேட் கம்பி வழியாகத் தேநீர் கொடுத்தார். பிறகு பலகாரம். பிறகு வெயில் ஏறியதும் குடை. அதற்குப் பிறகு உள்ளே திரும்பி அவர் போட்ட சத்தம் எனக்கு மட்டுமல்ல, தெருவுக்கே கேட்டது: “ரெண்டு கெழவனும் சேந்து என் மருமகள அழ வைக்கிறீங்க! ஒண்ணு அவர உள்ள கூப்பிடுங்க, இல்ல நீங்களும் ஒரு நாற்காலி எடுத்துக்கிட்டு வெளிய போங்க!”

சம்பந்தி நாற்காலி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்! கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

“சாமி குத்தந்தான்” என்றார்.

“பழம் வெச்சது நீங்க. எடுக்காம விட்டது நான். இதுல சாமி எங்க வந்துச்சு?”

“பொட்டு வெச்ச பொருள எவனோ ஒருத்தன் தொடச்சுத் தூக்கிப் போடுவான். அத எரிப்பான். அத நான் பாக்கணுமா?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்குக் கோபமே இல்லை. பயம். தான் செய்த பூஜையைக் குப்பை மாதிரி அள்ளிப் போடுவார்கள் என்று பயம். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கேட் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“நான் தப்பு செஞ்சேன் சம்பந்தி. நாள் பாக்காததுக்குச் சொல்லல, அத மறுபடியும் செய்வேன். பழத்த விட்டதுக்குச் சொல்றேன். அதுக்கு நீங்க என்னைய என்ன வேணாலும் திட்டுங்க. அந்தப் புள்ளைங்க என்னா செஞ்சுச்சு? இன்னொரு வருஷம் தொடாம நிக்கணுமா?”

குடை என் கையிலிருந்து சாய்ந்தது, அவர் கம்பி வழியாகப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு சிஸ்டருக்குப் போன் போட்டார். “தெறக்கச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான்.

8 நவம்பர், சனி

இன்று போனில் படத்தோடு பேசினோம். விமலன் வீட்டுக் கூடத்தில் தாமரை, உஷா, நான் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி உட்கார மாட்டேன் என்று கதவருகில் நின்றுகொண்டார்.

சிஸ்டர் கூலிக்கு ஆள் வைக்கவில்லை. பேர் கொடுத்திருந்த பிள்ளைகளையே துறைமுகத்துக்கு அழைத்து வந்துவிட்டார். வெயிலில் வரிசையாகப் பெட்டிகள். ஒரு வாளியில் பழமும் பூவும் எடுத்துப் போட்டார்கள். அதிகாரி தொப்பியோடு பக்கத்தில் நிற்கிறார். பிள்ளைகள் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கிறார்கள். திருப்பிப் பார்க்கிறார்கள். ஒருவன் ட்ரில்லைக் காதில் வைத்துக் கையால் சுற்றிக் கேட்கிறான். யாரும் அவர்கள் கையில் தட்டவில்லை.

ஒரு பெண் பெரிய வைஸைப் போன் பக்கம் தள்ளிக் காட்டினாள். அவர்கள் பேசும் இந்தோனேசிய மொழி மலாய் மாதிரிதான், எங்களுக்குப் புரிகிறது. இந்தச் சிவப்பு என்ன, இதையும் துடைக்க வேண்டுமா என்று கேட்டாள். பழத்தையும் பூவையும்தான் எடுக்கச் சொன்னார்கள், இதைப் பற்றி அதிகாரி ஒன்றும் சொல்லவில்லையாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவருகிலிருந்து ஒரு சத்தம்: “ஜாங்கான்!”

துடைக்காதே என்று சம்பந்தி கத்திய கத்தலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் விளக்கினார்: இது சாமி கும்பிட்டு வைத்தது. வேலை செய்கிற சாமானுக்கு நாங்கள் நன்றி சொல்லுவோம். கை வெட்டாமல் காப்பாற்று என்று கேட்போம்.

அந்தப் பெண் தலையாட்டினாள். வைஸின் பொட்டைச் சுற்றி மட்டும் துணியை வளைத்து வளைத்துத் துடைத்தாள். பிறகு தன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அடுத்த பெட்டியை இழுத்தாள்.

சம்பந்தி மூக்கை உறிஞ்சினார். தூசியாம்.

10 நவம்பர், திங்கள்

புதுப் பூட்டின் சாவி ஒன்று விமலன் கையில் வந்தது. “என்னா சொல்லிக் குடுத்தாரு?” “ஒண்ணும் சொல்லல மாமா.”

12 ஜனவரி 2026, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. சிஸ்டர் படம் அனுப்பியிருக்கிறார். கருவிகள் மாட்டியிருக்கும் சுவரில், ஒவ்வொன்றுக்கும் கீழே என் தமிழ்ச் சீட்டையும் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. இழைப்புளிக்குக் கீழே இழைப்புளி என்று சரியாகவே இருக்கிறது.

சம்பந்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு.”

“கோழி தீமோர் வரைக்கும் போயிருக்கு” என்றேன்.

15 ஜனவரி, வியாழன். பொங்கல்

சாதிக் போன வாரம் சொன்னான்: வேறு ஒருவருடைய கண்டெய்னரில் பாதி இடம் இருக்கிறது, ஆனால் பொங்கல் அன்று காலையில்தான் ஏற்ற முடியும். நான் சண்டைக்குத் தயாரானேன். ரெண்டு நாள் வீட்டில் பேசிப் பழகினேன். சம்பந்தியிடம் போய் வாயைத் திறந்தால், “சரி, பொங்க வெச்சிட்டு வரேன்” என்கிறார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

இன்று சொன்னபடி வந்தார். வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. ஒவ்வொரு பெட்டியின் மேலும் விரலால் ஒரு குங்குமப் பொட்டு. உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. கடைசிப் பெட்டியை மூடியதும் இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டினார். காலி.

“சட்டப் பையக் காட்டுங்க” என்றேன்.

முறைத்தார். பையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.

“இது கப்பலுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். குனிய முடியவில்லை, முட்டி பிடித்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். லோரியின் முன் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்தார். சாதிக் மேலிருந்து, “போவட்டுமா அங்கிள்?” என்று கேட்டான். “போ, போ” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

சக்கரம் உருண்டது. பழம் நசுங்கியது. நான் மேரு சாலையில் நின்று பார்த்தேன். தோலும் சாறும் விதையும் எல்லாமே கடலுக்கு இந்தப் பக்கம்தான் கிடந்தன.